‘ஹேவ்’: உடைமையைச் சொல்லும் வினையா, இருப்பைச் சொல்லும் வினையா?

ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் வினைச்சொற்களை வரிசைப்படுத்தினால் ‘பீ’ என்பதை ஒட்டியே ‘ஹேவ்’ வந்து நிற்கும். தொடக்க வகுப்பிலேயே அறிமுகமாகிவிடும் சொல் இது. ஆயினும் பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்ற தமிழர் தடுமாறும் இடங்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றில் கணிசமான பகுதி இந்த ஒரு சொல்லைச் சுற்றியே அமைந்திருக்கும். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’, ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ ஆகிய மூன்றும் தொடர்பற்ற பிழைகளாகத் தோன்றலாம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினை இன்றைய தமிழில் இல்லை, அதன் வேலைகளில் பெரும்பகுதியைத் தமிழில் ‘இரு’ என்னும் வினை செய்கிறது.

அகராதிகள் ‘வைத்திரு’, ‘உடைத்தாயிரு’, ‘கொண்டிரு’ எனப் பொருள் தருகின்றன. இவை தவறல்ல, ஆனால் இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத் தொடர் ஒன்றை அமைக்க முற்படுபவருக்கு இவற்றால் உதவியும் இல்லை. தமிழில் ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்று வேற்றுமை உருபு ஏற்று நிற்கும் ஆளை ஆங்கிலத்தில் எழுவாயாக மாற்றித் தருவதே ‘ஹேவ்’ செய்யும் அடிப்படை வேலை என்று கொண்டால், உடைமை, முற்றுக் காலம் (‘பெர்ஃபெக்ட் டென்ஸ்’), கட்டாயம், பிறரைக்கொண்டு செய்வித்தல் என ஒன்றோடொன்று ஒட்டாதவைபோல் தோன்றும் அதன் பயன்பாடுகள் ஒரே ஒழுங்கில் வந்து அமர்வதைக் காணலாம்.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘ஹப்பன்’. ஜெர்மன் மொழியின் ‘ஹாபென்’ இதன் உடன்பிறப்பு. இவை ‘பற்று’, ‘பிடி’ என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் கொள்கை. அதே வேரிலிருந்து லத்தீனில் பிறந்த சொல் ‘கபெரே’. ஆங்கிலம் பின்னர் லத்தீனிலிருந்து பெற்றுக்கொண்ட ‘கேப்சர்’ என்பது அதன் வழிவந்தது. லத்தீனில் ககரமாக நின்ற ஒலி ஜெர்மானிய மொழிகளில் ஹகரமாக மாறியது. லத்தீனின் ‘கார்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’ என நிற்பதும் இம்மாற்றத்தால்தான். ஆகவே ‘ஹேவ்’, ‘கேப்சர்’ இரண்டும் தூரத்து உறவினர்கள்.

வேடிக்கை என்னவெனில், லத்தீனில் ‘உடைத்தாயிரு’ என்னும் பொருளுடைய ‘ஹபேரே’ ஒலியிலும் பொருளிலும் ‘ஹேவ்’ போலவே இருந்தும் அதற்கு உறவில்லை. அது வேறு வேரிலிருந்து வந்தது. நீதிமன்றச் செய்திகளில் அடிபடும் ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்பதில் உள்ளது இந்த ‘ஹபேரே’தான். ‘ஆளை நீ கொண்டிருப்பாயாக’ என்பது போன்ற சொற்பொருளுடைய அந்த லத்தீன் தொடர் தமிழில் ‘ஆட்கொணர்வு’ என்று ஆகியிருக்கிறது. உடைமை வினை இல்லாத மொழியில் ‘கொணர்’ என்னும் வினை அந்த இடத்தை நிரப்பியிருப்பது கவனிக்கத்தக்கது.

இரண்டு வேலைகள், ஒரே உருவம்

பொருளுக்குள் நுழையுமுன் ஒரு பாகுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’, ‘ஹேவிங்’ ஆகிய நான்கு வடிவங்களும் இரண்டு வகையாகச் செயல்படுகின்றன.

1. முதன்மை வினை: தொடரின் பொருளைத் தானே தாங்கி நிற்பது. ‘ஐ ஹேவ் எ பென்’ – என்னிடம் ஒரு பேனா இருக்கிறது.

2. துணை வினை: வேறொரு வினைக்குக் காலச் சாயல் தந்து நிற்பது. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ – நான் சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிட்டாயிற்று.

இரண்டையும் பிரித்தறியும் சோதனை எதிர்மறையும் வினாவும் ஆகும். துணை வினை தானே ‘நாட்’ என்பதை ஏற்கும். வினாவில் தானே முன்னே போகும்: ‘ஐ ஹேவ் நாட் ஈட்டன்’, ‘ஹேவ் யூ ஈட்டன்?’. முதன்மை வினையோ இன்றைய பொது வழக்கில் ‘டூ’ என்பதன் துணையை நாடும்: ‘ஐ டோன்ட் ஹேவ் எ பென்’, ‘டூ யூ ஹேவ் எ பென்?’. ‘டூ’ வந்துவிட்டால் காலமும் இடமும் அதன்மேல் ஏறிவிடுவதால் ‘ஹேவ்’ தன் இயல்பு வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். ‘ஷி டஸ் நாட் ஹேஸ்’, ‘டிட் ஹி ஹேட்’ என்பவை இதை மறப்பதால் நேரும் பிழைகள்.

இரண்டு வேலைகளும் ஒரே தொடரில் சேர்ந்தால் ‘ஹேவ் ஹேட்’, ‘ஹேட் ஹேட்’ என்ற இரட்டைகள் தோன்றும். ‘ஐ ஹேவ் ஹேட் திஸ் வாட்ச் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதில் முன்னது துணை வினை, பின்னது முதன்மை வினை. அச்சுப் பிழை என்று கருதி ஒன்றை அடித்துவிடுவோர் உண்டு. ‘ஹேட்’ என்பதைத் தொடர்ச்சியாக 11 முறை அடுக்கி, மேற்கோள் குறிகளை உரிய இடங்களில் இட்டால் இலக்கணப் பிழையின்றிப் பொருள் தரும் வாக்கியப் புதிர் ஒன்றும் ஆங்கிலத்தில் புகழ்பெற்றது.

உடைமை: ஆங்கிலம் மறைக்கும் வேறுபாடுகள்

‘ஹேவ்’ என்ற ஒரே வினையால் ஆங்கிலம் சொல்லிவிடுவதைத் தமிழ் குறைந்தது நான்கு வழிகளில் பிரித்துச் சொல்கிறது.

1. பிரிக்க இயலாத உறவும் உடல்நிலையும் ‘கு’ உருபு பெறும். எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்; அவளுக்குத் தலைவலி; அவருக்குச் சந்தேகம் உண்டு.

2. இப்போது கைவசம் இருப்பது ‘இடம்’ என்பதைப் பெறும். என்னிடம் சாவி இருக்கிறது.

3. ஒரு பொருளின் பகுதி பெரும்பாலும் ‘இல்’ பெறும். இந்த வீட்டில் மூன்று அறைகள் உள்ளன. ஆங்கிலம் இங்கும் வீட்டையே எழுவாயாக்கி ‘திஸ் ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்’ என்று தயங்காமல் சொல்லும்.

4. ஒருவர் தம் பொறுப்பில் வைத்து ஆளும் பொருளுக்கு ‘வைத்திரு’ வரும். அவர் இரண்டு கார் வைத்திருக்கிறார்.

முதல் இரண்டின் வேறுபாடு நுட்பமானது. ‘அவருக்கு நிறையப் பணம் இருக்கிறது’ என்றால் அவர் செல்வர். ‘அவரிடம் பணம் இருக்கிறது’ என்றால் இப்போது கையில் தொகை உள்ளது. ஆங்கிலத்தின் ‘ஹி ஹேஸ் மனி’ இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. தேவைப்பட்டால் ‘ஆன் ஹிம்’ அல்லது ‘வித் ஹிம்’ என்று ஒட்டுச் சேர்க்க வேண்டும். ‘டூ யூ ஹேவ் எனி மனி ஆன் யூ?’ என்ற வினாவின் இறுதியில் உள்ள ‘ஆன் யூ’ வெற்றுச் சொல்லன்று; அது நம் ‘உன்னிடம்’ என்பதன் வேலையைச் செய்கிறது.

தமிழ் இலக்கண மரபு இந்த வேறுபாடுகளை நன்கு அறிந்திருந்தது. ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என நன்னூல் இரண்டாக வகுக்கிறது. கையும் காலும்போல் உடையவரிடமிருந்து பிரியாதவை தற்கிழமை. வீடும் நிலமும்போல் வேறாக நிற்பவை பிறிதின்கிழமை. இந்தப் பாகுபாட்டின் கண்கொண்டு நோக்கினால், ‘ஹேவ்’ இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவது விளங்கும்.

இங்கே ஒரு திருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். உடைமையைச் சொல்லும் வினை தமிழுக்கு என்றுமே இருந்ததில்லை என்று கூற முடியாது. ‘உடையேன்’, ‘உடையர்’ என்னும் குறிப்பு வினைகள் பழந்தமிழில் உடையவரையே எழுவாயாக்கி நின்றன. அந்த வகையில் அவை ‘ஹேவ்’ என்பதற்கு நெருக்கமானவை. ஆனால் அவற்றின் மறுதலை ‘உடை’ என்பதிலிருந்து வரவில்லை. அறிவுடையார் எல்லாம் ‘உடையார்’ என்று தொடங்கும் 430ஆம் குறள், அறிவில்லாதவர் எதை உடையவராயினும் ‘இலர்’ என்றே முடிகிறது. அதாவது, உடைமை இன்மையைச் சொல்லும்போது பழந்தமிழும் இருப்பின் எதிர்மறைக்கே திரும்புகிறது. இன்று ‘உடைய’ என்பது உருபாகவும் ஒட்டாகவும் தேய்ந்துவிட, ‘இரு’, ‘உண்டு’, ‘இல்லை’ ஆகிய மூன்றும் களத்தை எடுத்துக்கொண்டன.

இது தமிழின் குறையன்று. ரஷ்ய மொழி ‘என்னிடத்தில் உளது’ என்ற அமைப்பையும், ஃபின்னிஷ் ‘என்மேல் உளது’ என்பதற்கு ஒப்பான வேற்றுமையையும் உடைமைக்கு வழங்குகின்றன. ஐரிஷ், ஹிந்தி ஆகியவையும் ஏறத்தாழ இவ்வழியினவே. மலையாளத்தின் ‘எனிக்கு உண்டு’ நமக்கு அயலானதன்று. ‘ஹபேரே’ வைத்திருந்த லத்தீனிலும்கூட ‘எனக்கு ஒரு நூல் உளது’ என்ற அமைப்பு வழங்கியது. உலக மொழிகளின் நடுவே வைத்து நோக்கினால் உடைமைக்கென்று தனி வினை வைத்திருப்பது பல வழிகளுள் ஒரு வழி மட்டுமே.

‘ஹேவிங்’ எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது

‘ஐ ஆம் ஹேவிங் டூ கார்ஸ்’ என்ற பிழை எப்படிப் பிறக்கிறது என்பதற்கான விடை, மேலே சொன்ன நான்காம் வகையில் உள்ளது. ‘வைத்திருக்கிறேன்’ என்பதன் உள்ளே ‘இருக்கிறேன்’ ஒளிந்திருக்கிறது. ‘வைத்து’ என்பதை ‘ஹேவிங்’ ஆகவும், ‘இருக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம்’ ஆகவும் பிரித்துப் பெயர்த்தால் கிடைப்பது ‘ஐ ஆம் ஹேவிங்’. பேசுபவர் சோம்பலால் செய்யும் பிழையன்று இது. உறுப்பு உறுப்பாக, மிகவும் நாணயமாகச் செய்த மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் அது ஏன் ஏற்கப்படுவதில்லை என்றால், தொடர்நிலை வடிவம் அங்கே நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது. தம்பி இருப்பதும் கார் இருப்பதும் நிலைகள், செயல்கள் அல்ல.

ஆனால் ‘ஹேவ்’ செயலைக் குறிக்கும் இடங்களும் உண்டு. ‘ஹேவ் லஞ்ச்’, ‘ஹேவ் எ பாத்’, ‘ஹேவ் எ லுக்’, ‘ஹேவ் எ சாட்’ ஆகியவற்றில் பொருளைப் பெயர்ச்சொல் சுமக்கிறது. ‘ஹேவ்’ வெறும் பிடியாக நிற்கிறது. ஒரு நடை நடந்துவிட்டு வா, குட்டித் தூக்கம் போட்டேன் என்று நாம் சொல்லும்போது ‘நட’வும் ‘போடு’வும் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. இத்தகைய தொடர்கள் செயலைக் குறிப்பதால் ‘ஷி இஸ் ஹேவிங் லஞ்ச்’ முற்றிலும் சரி. எந்தப் பெயருக்கு எந்தப் பிடி என்பதை ஒவ்வொன்றாகவே பழக வேண்டும். பிரிட்டிஷார் ‘ஹேவ் எ பாத்’ என்பதை அமெரிக்கர் பெரும்பாலும் ‘டேக் எ பாத்’ என்பர். இதில் விதி தேடுவது வீண்.

முற்றுக் காலம்: ‘இரு’வும் ‘ஹேவ்’வும் சந்திக்கும் இடம்

உடைமையைச் சொல்லும் வினை எப்படிக் காலத்தைச் சொல்லும் துணை வினையாக மாறியது? பழைய ஆங்கிலத்தில் ‘நான் மீனைப் பிடிபட்டதாகக் கொண்டுள்ளேன்’ என்பதுபோன்ற அமைப்பு வழங்கியது. அங்கே ‘பிடிபட்ட’ என்பது மீனுக்கு அடையாக நின்றது. மீன் என்ற சொல்லின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப அதன் ஈறும் மாறக்கூடியதாக இருந்தது. காலப்போக்கில் ஈறுகள் தேய்ந்தன. அடை வினையோடு ஒட்டிக்கொண்டது. ‘பிடிபட்ட மீன் என்னிடம் உள்ளது’ என்ற பொருள் ‘மீனை நான் பிடித்திருக்கிறேன்’ என்றாகியது. ‘கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்’, ‘கடிதம் எழுதியிருக்கிறேன்’ ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த நகர்வு எவ்வளவு இயல்பானது என்பது புலப்படும்.

எல்லா வினைகளும் உடனே ‘ஹேவ்’ பக்கம் சேரவில்லை. வருதல், போதல் போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகள் நெடுங்காலம் ‘பீ’ என்பதையே துணையாகக் கொண்டன. ஜெர்மனும் பிரெஞ்சும் இன்றும் அந்தப் பிரிவினையைக் காத்துவருகின்றன. ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் கான்’ போன்ற சில எச்சங்களே மிஞ்சியுள்ளன.

இந்த ஒற்றுமைதான் சிக்கலுக்கும் காரணம். ‘எழுதியிருக்கிறேன்’, ‘ஐ ஹேவ் ரிட்டன்’ என்ற இணை மிகவும் பொருந்திவிடுவதால், பொருந்தாத இடங்களிலும் ஒன்றை மற்றொன்றின் மேல் அப்படியே வைத்துவிடுகிறோம். அவை விலகும் இடங்கள் வருமாறு.

1. முடிந்த காலச் சொற்கள். ‘ஹேவ்’ உடன் வரும் நிகழ்கால முற்று, பேசும் நேரத்தோடு கட்டப்பட்டது. ஆகவே ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’, ‘இன் 2019’ போன்று முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொற்களை அது ஏற்காது. தமிழின் ‘இருக்கிறது’ இந்தத் தடையை அறியாது. ‘2019இல் அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். அதன் ஆங்கிலம் ‘ஐ சா ஹிம் இன் 2019’ என்று எளிய இறந்தகாலமாகவே அமைய வேண்டும்.

2. ஊகம். காலையில் எழுந்து ஈரமான தரையைக் கண்டு ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். பார்க்காததைத் தடயத்தால் அறிந்து சொல்லும் சாயல் தமிழ் வடிவத்துக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆங்கில முற்றுக்குத் தன்னளவில் அந்தச் சாயல் இல்லை; ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்’ என்று ‘மஸ்ட்’ சேர்த்தால்தான் ஊகம் வெளிப்படும்.

3. தொடரும் நிலை. ‘பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்பதில் தமிழ் நிகழ்காலத்தோடு நிறைவடைகிறது. தொடக்கம் கடந்த காலத்தில் இருப்பதால் ஆங்கிலம் ‘ஹேவ்’ வேண்டும் என வற்புறுத்துகிறது: ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் லிவிங்’. இதோடு இன்னொரு பொறி: கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’. ‘ஆண்டுகளாக’ என்பது ‘ஃபார்’. ‘2015 முதல்’ என்பது ‘சின்ஸ்’. ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ என்பது இரண்டையும் குழப்பிய வடிவம்.

4. போனவர் திரும்பினாரா என்பது. ‘அவர் லண்டனுக்குப் போயிருக்கிறார்’ என்ற தமிழ்த் தொடருக்கு இரு பொருள் உண்டு. இப்போது அங்கே இருக்கிறார் என்றால் ‘ஹி ஹேஸ் கான் டு லண்டன்’. எப்போதோ போய் வந்த அனுபவம் உண்டு என்றால் ‘ஹி ஹேஸ் பீன் டு லண்டன்’. ஒருவரைப் பற்றிக் கேட்கப்படும்போது அவர் பக்கத்து அறையில் இருக்க ‘ஹேஸ் கான்’ என்று சொன்னால் கேட்பவர் திரும்பிப் போய்விடக்கூடும்.

இவற்றுள் முதலாவதை அமெரிக்க வழக்கு வேறு திசையில் தளர்த்துகிறது. ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ ஆகிய சொற்களோடு பிரிட்டிஷார் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்று முற்றை விரும்ப, அமெரிக்கர் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்றும் கேட்பர். இரண்டும் சரியே.

‘ஹேட்’: மிகையாகப் பயன்படும் வடிவம்

பள்ளி இலக்கணம் இறந்தகால முற்றுக்கு ஒரு விதியைத் தருகிறது: கடந்த காலத்தில் நிகழ்ந்த இரண்டு செயல்களுள் முந்தியதற்கே ‘ஹேட்’ வரும். ‘நான் நிலையத்தை அடைவதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டிருந்தது’ என்பதில் ரயில் புறப்பட்டதற்கு ‘தி டிரெய்ன் ஹேட் லெஃப்ட்’. விதி எளியதுதான். ஆனால் ‘போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன்’ என்ற தனித் தொடரைத் தமிழர் பலர் ‘ஐ ஹேட் கான் டு மை நேட்டிவ் பிளேஸ் லாஸ்ட் மன்த்’ என்று பெயர்க்கின்றனர். இரண்டாவது செயல் எங்கே என்று ஆங்கிலேயர் காத்திருப்பார், அது வராது.

காரணம், ‘போயிருந்தேன்’ என்ற தமிழ் வடிவம் வேறொரு பணியையும் செய்கிறது. போய், தங்கி, திரும்பிவிட்டேன். அந்த நிலை இப்போது இல்லை என்பதை அது உணர்த்துகிறது. ‘போனேன்’ என்று மட்டும் சொன்னால் கதை பாதியில் நிற்பதுபோல் தமிழ்க் காதுக்குத் தோன்றும். ஆங்கிலத்தின் ‘வென்ட்’ திரும்பியதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ‘லாஸ்ட் மன்த்’ என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே இத்தகைய இடங்களில் ‘இருந்தேன்’ என்பதைக் காதால் கேட்டதும் ‘ஹேட்’ என்று கை நீளாமல் இருப்பதுதான் பயிற்சி.

கட்டாயம்: வேண்டும், வேண்டியிருக்கிறது

‘ஐ ஹேவ் எ லெட்டர் டு ரைட்’ என்றால் எழுதவேண்டிய கடிதம் ஒன்று எனக்கு இருக்கிறது என்று பொருள். இந்த அமைப்பில் சொற்கள் இடம் மாறி ‘ஐ ஹேவ் டு ரைட் எ லெட்டர்’ ஆனபோது உடைமை மறைந்து கடமை முன்னுக்கு வந்தது. பேச்சில் இது தனிச் சொல்லாகவே இறுகிவிட்டது. ‘ஹேவ் டு’ என எழுதினாலும் ‘ஹேஃப் டு’ என்றே ஒலிப்பர். உடைமைப் பொருளில் வகர ஒலி குன்றாமல் நிற்கும்.

தமிழும் இதே பாதையில் நடந்திருப்பது வியப்பளிக்கிறது. ‘நான் போக வேண்டும்’ என்பதில் பேசுபவரின் விருப்பமோ துணிவோ இருக்கலாம். ‘எனக்குப் போக வேண்டியிருக்கிறது’ என்றால் புறச்சூழல் உந்துகிறது; ‘எனக்கு’ வந்துவிட்டது, ‘இரு’வும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’ என்பதற்கும் ‘ஹேவ் டு’ என்பதற்கும் உள்ள சாயல் வேறுபாட்டை இந்த இணை கிட்டத்தட்டச் சரியாகப் பிடித்துக் காட்டுகிறது.

எதிர்மறையில்தான் ஆபத்து. ‘யூ மஸ்ட் நாட் கோ’ என்றால் போகக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ’ என்றால் போக வேண்டியதில்லை, விரும்பினால் போகலாம். உடன்பாட்டில் அருகருகே நின்ற இரண்டும் எதிர்மறையில் தடைக்கும் விடுதலைக்கும் இடையே உள்ள தூரத்துக்குப் பிரிந்துவிடுகின்றன. தமிழில் ‘போக வேண்டாம்’ என்பது சூழலைப் பொறுத்து இரண்டு பொருளும் தருவதால் நாம் இங்கே எளிதில் இடறுகிறோம். ஒப்பந்தம், மருந்துச் சீட்டு, தேர்வு விதிமுறை போன்றவற்றைப் படிக்கும்போது இந்த வேறுபாடு விளைவை முழுமையாக மாற்றிவிடும். ‘கூடாது’, ‘தேவையில்லை’ என்ற இரு சொற்களில் எது பொருந்தும் என்று மனத்துக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்வது போதுமான பாதுகாப்பு.

கடந்தகாலத்தைப் பற்றிய ஊகத்திலும் வருத்தத்திலும் இன்னொரு முடிச்சு உண்டு. ‘அவர் போயிருக்க வேண்டும்’ என்பதற்கு, ‘விளக்கு அணைந்திருக்கிறது, ஆகவே போய்விட்டார்போலும்’ என்ற ஊகப் பொருளும் உண்டு. ‘போவதே முறை, ஆனால் போகவில்லை’ என்ற குறைப் பொருளும் உண்டு. முன்னது ‘ஹி மஸ்ட் ஹேவ் கான்’. பின்னது ‘ஹி ஷுட் ஹேவ் கான்’. ஒன்றில் அவர் போய்விட்டார், மற்றதில் போகவில்லை. ‘குட் ஹேவ்’, ‘மைட் ஹேவ்’ ஆகியவையும் இந்தக் குடும்பத்தினவே. இவற்றின் பின்னே எழுவாய் யாராயினும் ‘ஹேவ்’ மட்டுமே வரும். ‘ஷி மஸ்ட் ஹேஸ் கான்’ என்பது பிழை.

பிறரைக்கொண்டு செய்வித்தல்

‘நான் முடி வெட்டிக்கொண்டேன்’ என்று ஒருவர் சொன்னால், அவரே கத்தரிக்கோலை எடுத்தார் என்று தமிழில் யாரும் நினைப்பதில்லை. ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால் ஆங்கிலேயர் பெரும்பாலும் அப்படித்தான் நினைப்பார். வேலையை வேறொருவர் செய்தார் என்பதைக் காட்ட அங்கே தேவைப்படுவது ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’.

சொல்வரிசையே இங்கு எல்லாம். ‘ஐ ஹேவ் ரிப்பேர்ட் தி கார்’ என்றால் நானே பழுதுபார்த்திருக்கிறேன். ‘ஐ ஹேவ் தி கார் ரிப்பேர்ட்’ என்றால், குறிப்பாக ‘எவ்ரி இயர்’ போன்ற சொல் தொடர்ந்தால், பிறரிடம் கொடுத்துப் பழுதுபார்க்கச் செய்கிறேன். பழைய ஆங்கிலத்தின் ‘மீனைப் பிடிபட்டதாக’ என்ற வரிசை மறையவில்லை. செய்வித்தல் என்ற புதுப் பொருளோடு அது இன்றும் வாழ்கிறது.

செய்பவரைச் சொல்ல வேண்டுமானால் ‘ஐ ஹேட் ஹிம் சைன் தி பேப்பர்’ என்று, ‘டு’ இல்லாத வினையடி வரும். ‘மேட் ஹிம் சைன்’ என்றால் வற்புறுத்தல். ‘காட் ஹிம் டு சைன்’ என்றால் பேசி இணங்கவைத்தல். ‘ஹேட்’ என்றால் அதிகாரத்தாலோ வழக்கமான பொறுப்பாலோ நடந்தது. ‘கையெழுத்திட வைத்தேன்’ என்ற தமிழ்த் தொடர் இந்த மூன்றையும் தாங்கிக்கொள்ளும் என்பதால், மொழிபெயர்ப்பவர் சூழலைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதே வடிவம் விரும்பாமல் நேர்ந்ததையும் குறிக்கும். ‘ஹி ஹேட் ஹிஸ் வாலட் ஸ்டோலன்’ என்றால் ஆள் வைத்துத் திருடச் செய்தார் என்பதன்று. அவருடைய பணப்பை திருடு போய்விட்டது. ‘ஹேவ்’ இங்கே எழுவாயைச் செய்பவராக அல்ல, நேர்ந்தது யாருக்கு என்பதைக் காட்டவே முன்னே நிறுத்துகிறது. தமிழில் ‘அவருக்குக் கால் முறிந்துவிட்டது’ என்னும்போது வரும் அந்தக் ‘கு’வை நினைத்துக்கொண்டால் இந்தப் பயன்பாடு அந்நியமாகத் தோன்றாது.

‘காட்’ சேர்ந்த வடிவம்

‘ஐ ஹேவ் காட்’ என்பது முதலில் ‘பெற்றிருக்கிறேன்’ என்ற முற்று. பெற்றவரிடம் பொருள் இருக்கும் என்பதால் ‘என்னிடம் உள்ளது’ என்ற நிகழ்காலப் பொருள் அதன்மேல் படிந்தது. இந்தப் பொருளில் அது ‘ஐ ஹேவ்’ என்பதற்குச் சமம். பேச்சு வழக்கில், சிறப்பாகப் பிரிட்டனில், மிகுதி. வினாவில் ‘டூ’ வேண்டாம்: ‘ஹேவ் யூ காட் எ பென்?’. அமெரிக்கர் இங்கே ஒரு பயனுள்ள வேறுபாட்டைக் காக்கின்றனர்: ‘ஐ ஹேவ் காட்’ என்றால் உள்ளது, ‘ஐ ஹேவ் காட்டன்’ என்றால் பெற்றுவிட்டேன் அல்லது ஆகிவிட்டேன்.

ஒலியில் கரையும் வினை

துணை வினையாக வரும்போது ‘ஹேவ்’ அழுத்தமின்றி ஒலிக்கப்படுவதால் உருக்குலைந்துவிடுகிறது. ‘ஐவ்’, ‘தேவ்’ என்று வகரம் மட்டும் மிஞ்சும். ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ என ஒலிக்க, அதைக் காதால் மட்டும் அறிந்தோர் ‘ஷுட் ஆஃப்’ என எழுதுகின்றனர். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுவோரிடமே இப்பிழை மிகுதி; இலக்கணத்தைக் கண்ணால் கற்ற நம்மிடம் குறைவு.

நமக்குச் சிக்கலாக இருப்பது ‘ஹேட்’ சுருங்கி வெறும் டகர ஒலியாக நிற்கும் இடம். ‘உட்’ என்பதும் அதே ஒலியாகவே சுருங்கும். ‘ஐட்’ என்று கேட்டால் அது எது? அடுத்து வரும் சொல்லே விடை தரும். முற்று எச்ச வடிவம் வந்தால் ‘ஹேட்’: ‘ஐட் சீன் இட்’. வினையடி வந்தால் ‘உட்’: ‘ஐட் சீ இட்’. முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு: ‘பெட்டர்’ வந்தால், அதன் பின் வினையடி இருந்தாலும், அது ‘ஹேட்’. ‘யூட் பெட்டர் கோ’ என்பது போய்விடுவது நல்லது என்னும் அறிவுரை. வடிவம் இறந்தகாலம், பொருளோ இப்போதைக்கும் இனிமேலைக்கும் உரியது. பல வேளைகளில் மென்மையான எச்சரிக்கையும் அதில் உண்டு. விரைவான பேச்சில் அந்த டகரமும் விழுந்து ‘யூ பெட்டர் கோ’ என்றே கேட்கும். அங்கே ‘ஹேவ்’ காதுக்கு எட்டாமலே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.